புதுப்பிப்பு: பாகலூர் ரோட்டுத் தவளைகள்

போன மாசம் கேட்டிருந்தேன்: ஓசூர் பக்கம் எங்க தெருவுக்குப் பின்னாடி உள்ள தரிசில், முதல் மழைக்கு மண்ணுக்குள்ளிருந்து வரும் உருண்டைத் தவளைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா, அங்கே மனைக்கல் நட்டாச்சே என்று.

'பெங்களூரு தவளைதானே?' என்று பலர் கேட்டீர்கள். 2020-ல் பெங்களூரு புறநகர்த் தரிசிலிருந்து புது இனமாக அறிவிக்கப்பட்ட மண் தோண்டும் தவளை அது. இந்த வகையைத் தோற்றத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம், மரபணுவும் பார்க்கணும். அதனால் பெயர் சூட்டும் வேலையை விட்டுவிட்டேன்.

வனத்துறையில் கேட்டேன். "தம்பி, பிடிச்சா, கொன்னா கேஸ் போடலாம், அதுவும் சட்டத்தோட பாதுகாப்பு அட்டவணையில இருந்தா. வீட்டு மனை போட்டா என்ன பண்றது?" என்றார் ஒருவர். சிக்கலே இதுதான். 1972 வன உயிரினச் சட்டம் பெரும்பாலும் வேட்டையைத்தான் தடுக்கிறது. இடத்துக்குக் காவல் வேண்டுமென்றால் சரணாலயம் மாதிரி அறிவிப்பு வேண்டும். நம்ம மாவட்டத்திலும் தருமபுரியிலுமாக 2022-ல் அறிவித்த காவிரி தெற்கு சரணாலயம் சுமார் 686 சதுர கிலோமீட்டர். பட்டா தரிசு அதில் எங்கே வரும்? ஏரியைக் காட்டி ஈரநிலமென்று பாதுகாப்புக் கேட்கலாமென்றால், 2017 ஈரநில விதிகள் பாசனத்துக்கென வெட்டிய நீர்நிலைகளை விட்டுவிடுகின்றன. (தமிழ்நாட்டு ஏரியெல்லாம் பின்னே எதுக்கு வெட்டினாங்களாம்?)

மிச்சமிருப்பது 2002 பல்லுயிர்ச் சட்டம். மதுரை அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது அதன் கீழ்தான். உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு அறிவிக்கணும். அதே சட்டப்படி உள்ளாட்சியில் அமைக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு மனு எழுதியாச்சு. ஆடு மேய்க்கும் பாட்டியும் கைநாட்டு வைத்தார்.

நேற்று ராத்திரி மழை. மூணு தவளை, மனைக்கல் பக்கத்திலேயே.