காட்டுமாடு முட்டினவரைத் தூக்கப் போகிறவர்களுக்கு

கோத்தகிரி, ஆம்புலன்ஸ் வேலை:
மாடு தலையைத் தாழ்த்தி வந்து, கொம்பை மேல்நோக்கி வீசும். நிற்கிறவருக்குத் தொடை, தொடையிடுக்கு, அடிவயிறுதான் சிக்கும். வெளியே ஐந்து ரூபாய்க் காசு அளவு ஓட்டை. உள்ளே தடம் ஒரு சாண் போயிருக்கும். துளை தொடையில் இருக்க, கிழிந்தது குடலாகவும் இருக்கலாம். "தொடையில சின்னக் காயம்தாங்க" என்று போனில் சொன்னால் நான் நம்புவதே இல்லை.

தொடையிடுக்கில் ரத்தம் பீறிட்டால் அதற்கு மேலே கட்டுப் போட இடமே கிடையாது. சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து, முழங்கையை மடக்காமல் உடம்பு எடையை இறக்கி அமுக்குங்கள். நனைந்தால் மேலே இன்னொரு துணி. ரத்தம் நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்ப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. உறைந்தது பிய்ந்து மறுபடி கொட்டும்.

ஊட்டி, காஷுவாலிட்டி நர்ஸ்:
அண்ணா சொன்னதோடு வயிற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ளாதீர்கள். ஸலைனிலோ, ஆறவைத்த வெந்நீரிலோ நனைத்த துணியால் மூடி, மேலே பிளாஸ்டிக் பை, முழங்காலை மடக்கிப் படுக்கவைத்தால் வயிறு தளரும். ஒரு வாய் டீ கூட வேண்டாம் (நம் ஊரில் இதைத் தடுப்பதுதான் பெரிய பாடு). ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குப் போய்விடும்.

காயமே இல்லாமல் இடது கீழ் விலாவில் இடிபட்டவரைத்தான் தவறவிடுகிறோம். 9 முதல் 11 வரையான விலாக்களுக்கு அடியில் மண்ணீரல். அது கிழிந்தால் வலி இடது தோளில் தெரியும், தோளிலோ அடியே பட்டிருக்காது. வாலிப உடம்பு ஒன்றரை லிட்டர் ரத்தம் போகும்வரைகூட பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும், பிறகு திடீரென்று விழும். நாடித்துடிப்பு அதற்கு முன்பே ஏறும். பிரஷரை விட நாடியைப் பாருங்கள்.

குன்னூர், தோட்ட டிஸ்பென்சரி:
முட்டுவது பாதிதான், தூக்கி வீசுவது மீதி. கவாத்து பண்ணின (செடியை மட்டமாக வெட்டிவிட்ட) தேயிலைக் காட்டில் விழுந்தால் வெட்டின தேயிலைக் குச்சி முதுகில் ஏறியிருக்கும். அதைப் பிடுங்காமல், நீட்டிக்கொண்டிருப்பதை ஆடாமல் துணி சுற்றி அனுப்புங்கள். கழுத்து எலும்பு உடைந்திருக்கும் என்று எண்ணியே தூக்குங்கள்: தலைக்கு ஒருவர், தோள், இடுப்பு, காலுக்கு மூவர், தலையைப் பிடித்தவர் சொல்ல ஒரே கட்டையாகப் புரட்டவும். கொழுந்துச் சாக்கில் தொட்டில் கட்டிச் சரிவில் இறக்குவது வேகம்தான், ஆனால் முதுகு வளையும். பலகையோ கதவோ கொண்டுவாருங்கள்.

நனைந்த ஸ்வெட்டரை வெட்டி எடுத்துவிட்டு, உடம்புக்கு மேலே போர்த்துமுன் கீழே ஒரு கம்பளி போடுங்கள். குளிர்ந்த உடம்பில் ரத்தம் சரியாக உறையாது. இந்த மலையில் மழை நாளில் அதுவே ஆளைக் கொண்டுபோகும்.

கோத்தகிரி, மீண்டும்:
ஒன்று விட்டுவிட்டது. கொம்புக் காயத்தை மேலோடு தைத்து அனுப்பச் சொல்லாதீர்கள். மண்ணும் மயிரும் உள்ளே அடைபட்டுச் சீழ் பிடிக்கும். திறந்து கழுவி, டெட்டனஸ் தடுப்பு ஊசி போட்டு, சில நாள் கழித்துத் தைப்பதுதான் சரி.