கம்யூனிட்டி டேங்கில் (பல வகை மீன்களை ஒன்றாக வளர்க்கும் தொட்டியில்) எதோடு எது ஒத்துப்போனது? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கடையில் நம் கண்ணில் படுவது பெரும்பாலும் குஞ்சு மீன்கள்தான், பாதிப் பிரச்சினை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. காசு அளவு ஏஞ்சல் மீனும் நியான் டெட்ராவும் ஒரே தொட்டியில் அமைதியாகச் சுற்றுவதைப் பார்த்து நண்பர் ஒருவர் இரண்டையும் சேர்த்தே வாங்கினார். சில மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் காலையில் விளக்குப் போட்டால் நியான் ஒன்று குறையும், இன்னொரு நாள் இன்னொன்று குறையும். நோய் என்று நினைத்து மருந்தெல்லாம் ஊற்றியிருக்கிறார். செத்த மீன் ஒன்றுகூடக் கையில் சிக்கவில்லையா என்று கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. ஏஞ்சல் 15 செ.மீ. வரை வளரும் சிக்லிட் குடும்பத்து மீன், நியானோ 3 செ.மீ. சொச்சம்தான், உடம்பும் மெலிசு. வாயில் அடங்குவது இரை, அவ்வளவுதான். ஏஞ்சல் வேண்டும் என்றால் கோரிடோராஸ் மாதிரி அடியில் திரிகிற, உடம்பு தடித்த மீன்களைச் சேருங்கள். அதையும் ஆறுக்குக் குறையாமல் விடுங்கள், தனியாக விட்டால் மூலையில் ஒடுங்கிவிடும்.

டைகர் பார்ப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், ஆனால் ஏன் கடிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அது கூட்டமாக வாழ்கிற மீன், ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். ஜோடியாக இருக்கட்டும் என்று இரண்டே இரண்டு வாங்கி விட்டால், துரத்த வேறு ஆள் இல்லாமல் கப்பியின் வாலையும் ஃபைட்டரின் துடுப்பையும் கிழித்துவிடும். எட்டு, பத்து என்று விட்ட தொட்டியில் சண்டை பெரும்பாலும் அவற்றுக்குள்ளேயே முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நீள வால் மீன்களோடு நான் விடமாட்டேன்.

என்னை மிகவும் வருத்தியது கோல்டு ஃபிஷ்ஷும் சக்கரும். கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் சக்கரை ‘டேங்க் கிளீனர்’ என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். உறவினர் வீட்டுக் கோல்டு ஃபிஷ் உடம்பில் சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள், செதிலும் உரிந்திருந்தது. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் சக்கர் அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு மேல் வழவழப்பை உறிஞ்சுகிறது! பாசி மட்டும் அதற்குப் போதாது, வயிறு காய்ந்தால் மெதுவாக நீந்துகிற, அகல உடம்பு மீனைத் தேடிப் போகும், அதுவே வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும். இது போக, கோல்டு ஃபிஷ்ஷுக்கு 18 முதல் 22 டிகிரி இதம், சக்கர் போன்ற வெப்பமண்டல மீன்களுக்கு 24க்கு மேல் வேண்டும். எந்த அளவில் ஹீட்டரை வைத்தாலும் இரண்டில் ஒன்றுக்குச் சிரமம்தான், தயவுசெய்து இந்தச் சேர்க்கையை யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள்.

*

ஏஞ்சல் விஷயத்தில் கொஞ்சம் மாறுபடுகிறேன். என் தொட்டியில் நியான் மாதிரியே இருக்கும் கார்டினல் டெட்ராக்கள் முழுதாக வளர்ந்த பிறகுதான் சின்ன ஏஞ்சல்கள் வந்தன, இன்றுவரை ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் கூட்டத்தைப் பெரிதாக்கலாம் என்று பிறகு விட்ட சின்னக் கார்டினல்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை, பழையவற்றை ஏஞ்சல்கள் தொடவே இல்லை. அதனால் மீனின் பெயரைவிட, விடும்போது எது எந்த அளவில் இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். ஏஞ்சல் ஜோடி சேர்ந்து முட்டை போட்டுவிட்டால் இந்தக் கணக்கும் செல்லாது, பாதித் தொட்டியை வளைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரு மூலைக்குத் தள்ளிவிடும்.

*

சண்டை இல்லை என்பதற்காகப் பொருத்தம் என்று ஆகிவிடாது. தெரிந்த ஒருவர் மோலியையும் நியானையும் சேர்த்து வைத்திருந்தார், ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் மோலிக்குக் கடினமான, பிஎச் 7க்கு மேல் உள்ள தண்ணீர் வேண்டும், நியான் மென்மையான, லேசான அமிலத் தண்ணீரில் பிறந்த மீன். அந்தத் தொட்டியில் மோலிகள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் ஆடிக்கொண்டே நிற்கும். அவற்றை மட்டும் கடினத் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றிய பிறகு நன்றாக நீந்த ஆரம்பித்தன. முதலில் உங்கள் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். கடினத் தண்ணீர் என்றால் கப்பி, பிளாட்டி, மோலி என்று போங்கள், மென்மையான தண்ணீர் என்றால் டெட்ரா, ராஸ்போரா, கோரிடோராஸ். ரெட் டெயில் ஷார்க் (பெயர்தான் ஷார்க், இடத்துக்குச் சண்டை போடும் சின்ன மீன்) ஆசை இருந்தால் பெரிய தொட்டியில் ஒன்றே ஒன்று, அதையும் மற்ற மீன்கள் எல்லாம் இடம் பிடித்த பிறகு கடைசியாக விடுங்கள்.