உதவி: ஸ்பானிய ‘வெர்தே’யை ஆங்கிலத்தில் எங்கே ‘கிரீன்’ என்று எழுதலாம்?

பரந்தன் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். நான் பரந்தனில் வீட்டிலிருந்தே ஸ்பானிய எழுத்துகளை ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலை செய்கிறேன். இரண்டரை வருடமாகக் கைபேசியில் படித்த ஸ்பானியம்தான். சந்தேகம் வந்தால் கேட்க அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. இப்போது கையில் இருப்பது ஸ்பெயின் கிராமம் ஒன்றில் வளர்ந்த ஓர் அம்மாவின் நினைவுக் குறிப்பு. ‘வெர்தே’ என்றால் பச்சை என்று முதல் வாரத்திலேயே படித்திருந்தேன். ஆனால் அந்த அம்மா எதற்கெடுத்தாலும் வெர்தே என்கிறார். நான் எல்லாவற்றுக்கும் ‘கிரீன்’ போட்டு அனுப்பினேன். நேற்றுக் கோப்பு திரும்பி வந்துவிட்டது.

தடுக்கிய இடங்கள் இவை. ‘லாஸ் மோராஸ் எஸ்தான் ரோஹாஸ் போர்கே எஸ்தான் வெர்தேஸ்’: மோராப் பழங்கள் பச்சையாக இருப்பதால் சிவப்பாக இருக்கின்றனவாம்! தெருமுனையில் நிற்கும் ஒருவரை ‘வியெஹோ வெர்தே’, பச்சைக் கிழவன் என்கிறார். மாமி ஒருத்தி இவரைப் ‘பச்சையாக வைத்தாராம்’ (‘மே புசோ வெர்தே’). கடைசியில் ‘அ புவேனாஸ் ஓராஸ், மாங்காஸ் வெர்தேஸ்’. இதை நான் பச்சை மாங்காய் என்று எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

குளக்கட்டு:
கிழவருக்கு மட்டும் இப்போதே சொல்கிறேன். வயது போன பிறகும் பெண்களிடம் சேட்டை விடுகிற ஆள்தான் ‘வியெஹோ வெர்தே’. ஆங்கிலத்தில் ‘டேர்ட்டி ஓல்ட் மேன்’. ‘கிரீன்’ என்று எழுதினால் வாசிக்கிறவர் பெயின்ற் பூசிய ஆளை நினைப்பார்.

பரந்தன் பிள்ளை:
நன்றி அண்ணை. ஆனால் பச்சைக்கும் சேட்டைக்கும் என்ன தொடர்பு? அது விளங்கினால் மற்ற இடங்களிலும் நானே கண்டுபிடித்துவிடுவேன்.

முறிகண்டி வாத்தியார்:
பிள்ளை, தொடர்பு உங்கள் வாயிலேயே இருக்கிறது. பச்சைத் தூஷணம் என்று சொல்கிறோம் அல்லவா? ஒருவன் பச்சை பச்சையாகக் கதைத்தான் என்றால் நிறத்தையா நினைக்கிறோம்? ஸ்பெயின்காரருக்கும் ஆபாசப் பகிடி ‘ச்சிஸ்தே வெர்தே’தான். ஆங்கிலத்தில் அதற்கு ‘டேர்ட்டி ஜோக்’ என்பார்கள். ‘புளூ ஜோக்’ என்றும் உண்டு, நிறமே நீலமாகிவிடுகிறது. மெக்சிகோவில் அதையே சிவப்பு என்ற பொருளில் ‘கொலராதோ’ என்பார்கள்.

‘வெர்தே’ லத்தீன் ‘விரிதிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நிறத்தோடு இளமை, சாறு வற்றாமை எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. நம்முடைய பச்சையும் அப்படித்தான். பச்சை விறகை அடுப்பில் வைத்தால் புகைகிறதே, ஸ்பானியத்திலும் அது ‘லெஞா வெர்தே’. இந்த இடத்தில் ஆங்கிலமும் ‘கிரீன் வுட்’ என்கிறது, மாற்ற வேண்டாம். வேலைக்குப் புதிதாக வந்து இன்னும் பழகாதவரை ‘எஸ்தா வெர்தே’ என்றால் அங்கும் ‘கிரீன்’ நிற்கும். அனுமதி கொடுப்பது ‘தார் லுஸ் வெர்தே’. ஆங்கிலத்தில் ‘கிரீன் லைட்’, நமக்குப் பச்சைக்கொடி.

இனி மோராவுக்கு வருவோம். நாவல்பழத்தை நினைத்துப் பாருங்கள். கறுத்தால்தான் பழம், சிவந்து நிற்கும்போது கடித்தால் நாக்கு துவர்த்துப்போகும். மோராவும் அதே மாதிரித்தான். இன்னும் பழுக்காததால் சிவப்பாக இருக்கிறது என்கிறார் அந்த அம்மா. பக்கத்திலேயே சிவப்பு வருவதால் ‘கிரீன்’ வேண்டாம், ‘நொட் ரைப்’ என்று எழுதுங்கள்.

அதற்கு முன்னால் நிற்கும் வினையையும் பாருங்கள். ‘லா மன்சானா எஸ் வெர்தே’ என்றால் ஆப்பிளின் நிறம் பச்சை. ‘எஸ்தா வெர்தே’ என்றால் பெரும்பாலும் அது இன்னும் காய். ‘எஸ்’ இயல்பைச் சொல்கிறது, ‘எஸ்தா’ இப்போதைய நிலையைச் சொல்கிறது. பழம், காய் என்று தமிழில் இரண்டு சொல் இருப்பதால் நமக்கு இது சுகமாகப் பிடிபடும்.

பரந்தன் பிள்ளை:
நாவல்பழம் என்றதும் விளங்கிவிட்டது சேர். அப்படியென்றால் ‘மே புசோ வெர்தே’ என்பது மாமி பச்சைத் தூஷணத்தில் ஏசினார் என்பதா?

ஓமந்தை அக்கா:
இல்லை தங்கச்சி, அங்கேதான் வழுக்கும். ‘பொனேர் வெர்தே’யில் தூஷணம் இருக்க வேண்டியதில்லை. ஒருவரை நார் நாராகக் கிழிப்பது, குறை சொல்லித் தள்ளுவது. முகத்துக்கு நேரேயும் நடக்கலாம், ஆள் இல்லாத இடத்திலும் நடக்கலாம். நேரே ஏசியிருந்தால் ‘ஷீ டோர் இன்ட்டு மீ’, முதுகுக்குப் பின்னால் என்றால் ‘ஷீ ரேன் மீ டவுன்’. முன்பின் வரிகளைப் பார்த்து முடிவெடுங்கள். வாத்தியார் சொன்ன தமிழ்ப் பச்சை நல்ல துணைதான், ஆனால் எல்லா இடத்துக்கும் கூட வராது. நம்முடைய பச்சைப்பொய்யை வெர்தே என்று ஸ்பானியத்தில் சொல்ல முடியாது. பச்சைத்தண்ணீரை அப்படிச் சொன்னால் பாசி பிடித்த தண்ணீராகிவிடும்.

மாங்காஸ் விஷயத்தில் நீங்கள் தடுக்கியது எனக்கு நன்றாக விளங்குகிறது, காதுக்கு மாங்காய் போலத்தானே கேட்கிறது. மாம்பழத்துக்கான ‘மாங்கோ’ என்ற சொல் நம் பக்கத்து மொழிகளிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகப் போனது. ஆனால் இந்த ‘மாங்கா’ சட்டைக் கை, லத்தீனில் ‘மனிக்கா’. 1476இல் இசபெல் அரசி காலத்தில் நிறுவப்பட்ட சாந்தா எர்மந்தாத் என்ற காவல் படையினர் பச்சைக் கைச்சட்டை போட்டிருந்தார்களாம். எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்வார்கள் என்று பெயர். அதனால் பிந்தி வரும் உதவியைப் பார்த்து, ‘நல்ல நேரத்துக்கு வந்தீர்கள், பச்சைக் கைகளே’ என்பது வழக்கம். நம்மிடம் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆங்கிலத்தில் ‘எ ஃபாட் லொட் ஒஃப் குட் தட் இஸ் நவ்’ என்று எழுதலாம். படையின் பெயரெல்லாம் அடிக்குறிப்பில் போட வேண்டாம், அந்த அம்மா வரலாறா சொன்னார்? கோபத்தைத்தானே சொன்னார்.

பரந்தன் பிள்ளை:
மாமி வாசலில் நின்றே ஏசுகிறார், அதனால் ‘டோர் இன்ட்டு மீ’ போட்டுவிட்டேன் அக்கா. இன்னும் ஒன்றுதான் மிச்சம். திருமணப் பேச்சு முறிந்த பிறகு, ‘எனக்கு அவன் வேண்டவே வேண்டாம்’ என்கிற தங்கையைப் பார்த்து வீட்டார் ‘எஸ்தான் வெர்தேஸ்’ என்கிறார்கள். காய், பழம் ஒன்றும் அந்தப் பக்கத்தில் இல்லை.

முறிகண்டி வாத்தியார்:
நரியும் முந்திரிகைக் குலையும்! எட்டாத குலையை ஸ்பானிய நரி ‘காயாக இருக்கிறது’ என்கிறது, நம்முடைய நரி ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்கிறது. ஆங்கிலமும் புளிப்புப் பக்கம்தான்: ‘சவர் கிரேப்ஸ்’.

பரந்தன் பிள்ளை:
‘சவர் கிரேப்ஸ், வீ டோல்ட் ஹேர்’ என்று எழுதிவிட்டேன். விறகு வரியில் மட்டும் ‘கிரீன்’ அப்படியே இருக்கிறது. கோப்பு இன்றிரவே போகிறது.