பழைய மோட்டார்ஹோம் வாட்டர் ஹீட்டர்: எரிவாயுவில் சுடுகிறது, மின்சாரத்தில் சுடவில்லை

நெடுவழி:
எங்கள் பழைய மோட்டார்ஹோமில் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியில்) எரிவாயு, மின்சாரம் இரண்டிலும் இயங்கக்கூடிய 6 கேலன் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. எரிவாயுவில் வைத்தால் அரை மணி நேரத்துக்குள் நீர் நன்றாகச் சுட்டுவிடுகிறது. மின்சாரத்தில் வைத்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. பிரேக்கர் விழுவதில்லை, உள்ளே இருக்கும் சுவிட்சில் சிவப்பு விளக்கும் எரிகிறது. வண்டி 120 வோல்ட்டில் இயங்குவது; மின்சாரத்தில் நீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் திறன் 1440 வாட் என்று ஹீட்டரின் மீது அச்சிடப்பட்டிருக்கிறது. குளிர்காலத்தில் தொட்டியை வடித்துவிட்டு நிறுத்தி வைத்திருந்தோம். எலிமென்ட் போய்விட்டது என்று எண்ணிப் புதியது வாங்கலாமா என யோசிக்கிறேன். அதற்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

செம்புக்கம்பி:
வாங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். எரிவாயுவில் நீர் சுடுவதால் தொட்டியிலும் நீர்ப்பாதையிலும் பழுதில்லை என்பது உறுதி. எனவே மின்பாதையை மட்டும் பார்த்தால் போதும். தொட்டி காலியாக இருக்கும்போது யாரேனும் சுவிட்சைப் போட்டிருந்தால் எலிமென்ட் சிறிது நேரத்திலேயே கருகியிருக்கும் என்பதால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. ஆனால் அதை மல்டிமீட்டர் சொல்ல வேண்டும்.

வெளி மின்இணைப்பைப் பிடுங்கி, ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் நிறுத்தி, எலிமென்ட்டின் இரு முனைகளிலும் மின்சாரம் இல்லை என்பதை மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு இரு முனைகளுக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். 120 வோல்ட்டில் 1440 வாட் என்றால் 12 ஆம்பியர் ஓடும். ஆகவே மின்தடை ஏறத்தாழ 10 ஓம் இருக்க வேண்டும். மீட்டர் எதையுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. அடுத்து, மீட்டரின் ஒரு முனையை எலிமென்ட்டிலேயே விட்டு, மறுமுனையைத் தொட்டியின் வெற்று உலோகத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஏதாவது அளவு காட்டினால் எலிமென்ட்டின் உறை வெடித்து மின்சாரம் கசிகிறது என்று பொருள். அதை ஒருபோதும் மீண்டும் இயக்கக் கூடாது.

வெண்மணல்:
மேலே சொன்னதோடு இரண்டைச் சேர்க்கிறேன். பல பழைய ஹீட்டர்களில் வெளிப்புறக் கதவுக்குப் பின்னால் மின்சாரத்துக்கென்று இன்னொரு சிறிய சுவிட்சு மறைந்திருக்கும். நிறுத்தி வைக்கும் காலத்தில் அதை அணைத்துவிட்டு மறப்பது மிகச் சாதாரணம். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் அருகே, அளவு மீறிச் சுட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மிகைவெப்பக் காப்புப் பொத்தானும் இருக்கும். அதை அழுத்தும்போது 'டக்' என்று ஒலித்தால் அது விழுந்திருந்தது என்று அறியலாம். அப்படியானால் பொத்தானை அழுத்தியதோடு விட்டுவிடாமல், தெர்மோஸ்டாட் தொட்டிச் சுவரில் ஒட்டி நிற்கிறதா, உரிய வெப்பநிலையில் துண்டிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நெடுவழி:
இருவருக்கும் நன்றி. எலிமென்ட் 10.4 ஓம் காட்டுகிறது. தொட்டியின் உடலோடு தொடர்பு எதுவும் இல்லை. வெளிச் சுவிட்சு போட்டபடியே இருந்தது. பொத்தானிலும் ஒலி வரவில்லை. ஹீட்டரின் பின்புறம் இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தபோதுதான், வெள்ளைக் கம்பிகளைச் சேர்த்திருந்த பிளாஸ்டிக் மூடி உருகி ஒருபக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டேன். கம்பியின் உறை பழுப்பேறி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. மெல்ல இழுத்ததும் ஒரு கம்பி கையோடு வந்துவிட்டது. நுனியைச் சுரண்டி மீண்டும் முறுக்கிவிடலாமா?

செம்புக்கம்பி:
வேண்டாம். சூடேறிக் கறுத்த செம்பு எவ்வளவு சுரண்டினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த இடம் மறுபடியும் கொதிக்கும். ஓடும் வண்டியின் அதிர்வில் சற்றே தளர்ந்த இணைப்பில், 12 ஆம்பியர் முக்கால் மணி நேரம் இடைவிடாமல் பாய்ந்தால் விளைவது இதுதான். பளபளப்பான செம்பும் வளையக்கூடிய உறையும் தென்படும் வரை கம்பியை வெட்டிக்கொண்டே செல்லுங்கள். நீளம் போதாவிட்டால் அதே தடிமனுள்ள புதிய கம்பியைப் பெட்டிவரை இழுங்கள். ஹீட்டரிலிருந்து வருவது பல இழைக் கம்பியாகவும் வண்டியின் கம்பி ஒற்றை இழையாகவும் இருந்தால், இரண்டுக்கும் ஏற்றதெனக் குறிக்கப்பட்ட இணைப்பானையே பயன்படுத்துங்கள். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இருப்பதும் அவசியம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கம்பி நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி. அது அறுந்திருந்த வேளையில் எலிமென்ட்டின் இரு முனைகளுக்கிடையே மீட்டர் சுழி காட்டியிருக்கும். ஆனால் சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும் மின்சாரத்தைக் கடத்தும் நிலையில் இருந்தால் அந்த இரு முனைகளுமே தொட்டால் அதிர்ச்சி தரும் நிலையில் இருந்திருக்கும். ஆகவே மின்சாரம் இல்லை என்பதை ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே தனித்தனியாக அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் சிவப்பு விளக்கு, சுவிட்சுவரை மின்சாரம் வந்ததை மட்டுமே காட்டியது.

வெண்மணல்:
இணைப்பு முடிந்ததும் உடனே சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். நீர் ஹீட்டருக்குள் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு வழக்க நிலையில் இருப்பதைப் பார்த்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று சீறுவது நின்று நீர் ஒரே சீராக வரும்வரை காத்திருங்கள். 6 கேலன் என்பது சுமார் 23 லிட்டர். அதை 40 டிகிரி செல்சியஸ் உயர்த்த 1440 வாட்டுக்கு ஏறத்தாழ 45 நிமிடம் பிடிக்கும். மின்னழுத்தம் 100 வோல்ட்டாகக் குறைந்தால் திறன் 1000 வாட்டுக்கு இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். அரை மணி நேரம் ஓடிய பின் இணைப்புப் பெட்டியின் மூடியை வெளிப்புறமாகத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே அணைத்துவிட்டு இணைப்பை மீண்டும் பிரித்துச் செய்யுங்கள்.