ஒன்றியப் பள்ளியில் பாதிப் பேர் சேம்பர் பிள்ளைகளா?

ஆற்றங்கரையான்: சேரன்மாதேவி பக்கம் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் படித்த காலத்தில், ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை தினத்தந்தியை மடமடவென்று வாசிக்கும். இன்றைக்கு நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் பெயரையே தப்பில்லாமல் எழுத வரவில்லை. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். பாதிப் பேர் செங்கல் சேம்பருக்கு, அதான் சூளைக்கு, வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். தமிழே தெரியாத பிள்ளைகளும் உண்டு. அவர்களோடு சேர்ந்து நம் பிள்ளைகள் படிப்பும் போச்சு.

முக்கூடல் மகள்: பாதியா? எந்தக் கணக்கில் பாதி அண்ணாச்சி? நான் உங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். என் மகள் அதே பள்ளியில்தான் நாலாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். பதிவேட்டில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. மிச்சம் எல்லாம் பீடி சுற்றுகிறவர்கள், நடவுக்குப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் பெற்ற பிள்ளைகள். உங்கள் தெருப் பிள்ளைகளைக் காலையில் தனியார் பள்ளி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகிறதே, அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா?

ஆற்றங்கரையான்: போன மாசியில் காலைச் சாப்பாட்டு நேரத்தில் நேரில் போய்ப் பார்த்தேன். பந்தியில் இருந்ததில் பாதி சேம்பர் பிள்ளைகள்தான்.

பேட்டைக்காரன்: முதலில் சேம்பர் பிள்ளை என்றால் யார்? ஒடிசாவிலிருந்து வந்தவர்களா, விழுப்புரம் பக்கத்துக்காரர்களா, உள்ளூரிலிருந்தே கல் அறுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளும் சேர்த்தியா? படிப்பு போச்சு என்கிறீர்கள், அது எதை வைத்து? இதைச் சொல்லிவிட்டு அப்புறம் எண்ணுங்கள்.

ஆற்றங்கரையான்: பாதி என்றால் பாதி. இதில் விளக்கம் என்ன வேண்டியிருக்கிறது?

முக்கூடல் மகள்: மாசியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் அறுக்க முடியாது. பொங்கல் கழிந்துதான் சேம்பரில் வேலை சூடு பிடிக்கும், குடும்பங்கள் வந்து இறங்கும். ஆசிரியர் பணியிடத்துக்குத் தலை எண்ணுவதோ ஆகஸ்டு 1 நிலவரப்படி. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அதற்கு மேல் போனால்தான் மூன்றாவது ஆள். தையில் வந்து சேர்கிற பிள்ளை அந்த வருஷக் கணக்கில் ஏறுவதே இல்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர். அதில் ஒருவர் பாதி நாள் எமிஸ் என்கிற கல்வித்துறைச் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டு இருக்கிறார். படிப்பு எங்கே போச்சு என்று இங்கே தேடுங்கள்.

ஆற்றங்கரையான்: பார்த்தீர்களா, மாசியில் பாதி என்று தங்கச்சியே ஒப்புக்கொண்டாச்சு.

முக்கூடல் மகள்: நான் எங்கே ஒப்புக்கொண்டேன்? மாசியிலும் பாதி கிடையாது!

வேன் அப்பா: என் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது என் இஷ்டம். நான் பீஸ் கட்டுகிறேன், உங்களுக்கு என்ன நோவு? ஒன்றியப் பள்ளியில் இங்கிலீஷ் எங்கே இருக்கிறது?

பேட்டைக்காரன்: அரசுப் பள்ளிகளில் 2012-13லிருந்தே ஆங்கில வழி வகுப்பு வந்துவிட்டது அண்ணே. விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

முக்கூடல் மகள்: ஐந்தாம் வகுப்பு வரைதானே வேன் ஓடும்? ஆறாம் வகுப்பில் வரிசையில் வந்து நிற்பீர்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதுவரை எங்கள் பள்ளி கேவலம், அப்புறம் இனிக்கும்.

பாளையங்கோட்டைப் பழையவர்: பள்ளிக்கூடம் என்றால் எங்கள் ஊர். ஜெர்மன் பாதிரியார் ரேனியஸ் ஐயர் 1820-ல் வந்து சாதி பாராமல் பள்ளி வைத்த மண். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சும்மாவா சொன்னார்கள்? ஒழுக்கம் இருந்தது, படிப்பு வந்தது.

ஆற்றங்கரையான்: பாளையங்கோட்டைப் பெருமையை இங்கே யார் கேட்டது? நான் கேட்டது பாதியா, இல்லையா?

முக்கூடல் மகள்: 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. இப்போது நாலு, ஐந்து வகுப்பு வரைக்கும் உண்டு. பிள்ளையின் வயதைப் பார்க்காமல் வாசிப்பைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறார்கள். அரும்பில் இருப்பவர்கள் யார் என்று போய்ப் பாருங்கள். சேம்பர் பிள்ளை உண்டு. நம் தெருப் பிள்ளையும் உண்டு. சாயங்காலம் அம்மா மடியில் பீடித் தட்டு, பக்கத்தில் இந்தப் பிள்ளை நுனி மடக்கிக் கொடுத்துக்கொண்டு இருக்கும். தட்டு நிறையாமல் அம்மா எழுந்திருக்க முடியாது, பிள்ளையும் புத்தகத்தைத் தொடாது. அந்தப் பிள்ளைக்கு வாசிப்பு எப்படி வரும்? அதே வகுப்பில் தையில் வந்த ஒடியாக்காரப் பெண் ஒருத்தி. தமிழில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. பங்குனிக்குள் அட்டையைப் பார்த்து ‘மயில்’, ‘வயல்’ என்று விரல் வைத்து வாசித்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவளோடு உட்கார்ந்தா நம் பிள்ளை கெட்டுப்போனது?

வேன் அப்பா: ஒரு பிள்ளையை வைத்துப் பள்ளியையே நல்ல பள்ளி ஆக்கிவிடுவார்கள் போல.

பேட்டைக்காரன்: காலைச் சாப்பாடு 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. அதற்குப் பிறகு வருகை கூடியதா, குறைந்ததா? யாராவது அதைச் சொல்லுங்களேன்.

பாளையங்கோட்டைப் பழையவர்: சோறு போட்டால் வருவார்கள். படிப்பு வருமா?

முக்கூடல் மகள்: ஐயா, காமராஜர் 1956-ல் மதிய உணவு தொடங்கியபோதும் இதையேதான் கேட்டார்கள். அந்தச் சோற்றைத் தின்று படித்தவர் என் அப்பா. அவர் பெயர் சொல்லி இந்தப் பேச்சைப் பேசாதீர்கள்.

பாளையங்கோட்டைப் பழையவர்: உங்கள் அப்பாவை நான் எங்கே இழுத்தேன்? வயசுக்கு மரியாதை வேண்டும்.

ஆற்றங்கரையான்: யார் என்ன சொன்னாலும் கண்ணால் கண்டது பாதி.

முக்கூடல் மகள்: வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். வாங்க அண்ணாச்சி, பதிவேட்டை வாங்கி எல்லார் முன்னாலும் எண்ணுவோம்.

ஆற்றங்கரையான்: நான் ஏன் வரணும்? என் பேரப்பிள்ளைகள் அங்கே படிக்கவில்லை. போன கோயில் கொடைக்கு உங்கள் வீட்டில் வரி கொடுக்கவில்லை. முதலில் அதைக் கட்டச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுக்காரரை.

முக்கூடல் மகள்: பள்ளிக்கூடத்துப் பேச்சில் கொடை வரி எங்கிருந்து வந்தது? ரெண்டு தலைக்கட்டுக்கும் சேர்த்துக் கட்டியாச்சு, ரசீது இருக்கிறது. வரி நோட்டைச் சரியாகப் பார்க்கத் தெரியாதவர் பிள்ளைகளை எண்ண வந்துவிட்டார்.

ஆற்றங்கரையான்: ரசீதைப் போட்டோ எடுத்துப் போடு பார்ப்போம்.