ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினதும் சர்வருக்குள்ள போக முடியல, உதவுங்க

கயல்:
வணக்கம். கிளவுட் இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கேன். ஏடபிள்யூஎஸ் (அமேசானோட கிளவுட்) மும்பை ரீஜியன்ல ஒரு சின்ன உபுண்டு இன்ஸ்டன்ஸ் (வாடகை சர்வர்), அதுல என் காலேஜ் ப்ராஜெக்ட் சைட் ஓடுது. காசு மிச்சமாகட்டும்னு நேத்து ராத்திரி ஸ்டாப் பண்ணிட்டு காலைல ஸ்டார்ட் பண்ணினேன். கன்சோல்ல "ரன்னிங்"னு காட்டுது, ஸ்டேட்டஸ் செக்கும் பச்சை. ஆனா சர்வருக்குள்ள போக நேத்து அடிச்ச அதே எஸ்எஸ்ஹெச் கமாண்டை அடிச்சா கர்சர் மட்டும் மினுங்கிக்கிட்டு நிக்குது. ரொம்ப நேரம் கழிச்சு "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்". சைட்டும் திறக்கல. உள்ளே போறதுக்கான என் பெம் கீ ஃபைல் கெட்டுப்போச்சா? வெள்ளிக்கிழமை ரிவ்யூ, பயமா இருக்கு.

முத்து:
கீ மேல பழி வேண்டாம். கீ தப்புன்னா "பெர்மிஷன் டினைட்"னு சர்வரே பதில் சொல்லும். அந்த போர்ட்ல எதுவும் ஓடலன்னா "ரெஃப்யூஸ்ட்"னு வரும். டைம்ட் அவுட்னா பெரும்பாலும் நீங்க அனுப்பினது வாசலுக்கே போய்ச் சேரல. ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினா சர்வரோட பப்ளிக் ஐபி, அதாவது இன்டர்நெட் முகவரி, மாறிடும். ரீபூட்னா மாறாது. கன்சோல்ல புது ஐபியை எடுத்துப் போட்டுப் பாருங்க.

கயல்:
ஆமாண்ணா, மாறியிருக்கு! புது ஐபில சைட் திறக்குது. எஸ்எஸ்ஹெச் மட்டும் இன்னும் டைம்ட் அவுட்.

சரவணன்:
செக்யூரிட்டி குரூப்ல (சர்வரோட ஃபயர்வால்) எஸ்எஸ்ஹெச்சுக்கான போர்ட் 22க்கு 0.0.0.0/0 குடுத்துடுங்க. உடனே வேலை செய்யும்.

முத்து:
செய்யும் சரவணன், ஆனா தயவுசெஞ்சு அதைச் சொல்லிக் குடுக்காதீங்க. உலகத்துல யார் வேணும்னாலும் அந்தக் கதவைத் தட்டலாம்னு அர்த்தம் அது. நானும் ஒரு தடவை அப்படித் திறந்து வெச்சேன். மறுநாள் லாகைப் பார்த்தா ரூட், அட்மின், டெஸ்ட்னு ஒவ்வொரு பேரா போட்டு விடாம முட்டிக்கிட்டு இருந்தாங்க. இன்ஸ்டன்ஸ்ங்கிறது ஐயாஸ், அதாவது வெறும் சர்வரை மட்டும் வாடகைக்குத் தர்ற சேவை. கட்டடம், ஹார்ட்வேர், ஹைப்பர்வைசர் (ஒரு மெஷினைப் பல சர்வரா பிரிக்கிற சாஃப்ட்வேர்) எல்லாம் அமேசான் பொறுப்பு. ஓஎஸ் அப்டேட், ஃபயர்வால் ரூல், கீ எல்லாம் நம்ம பொறுப்பு.

கயல், இன்பவுண்ட் ரூல்ஸ்ல 22க்கு நேரா என்ன இருக்கு? "மை ஐபி"ன்னு குடுத்திருந்தீங்களா?

கயல்:
ஆமாண்ணா, ஒரு ஐபி போட்டு /32னு (அந்த ஒரு ஐபிக்கு மட்டும்னு) இருக்கு. இப்ப என் ஐபி வேற! ராத்திரி கரன்ட் போய் வந்துச்சு, ரவுட்டரும் அணைஞ்சு எரிஞ்சுது. மறுபடி "மை ஐபி" தேர்ந்தெடுத்தேன், உள்ளே போயிட்டேன்! எலாஸ்டிக் ஐபி எடுத்துடட்டுமா?

முத்து:
எடுத்தா சர்வரோட முகவரி மாறாது. உங்க வீட்டு ஐபி மாறுறதுக்கு அது மருந்தில்ல. 2024 பிப்ரவரியிலிருந்து பப்ளிக் ஐபிவி4 ஒவ்வொண்ணுக்கும் மணிக்கு 0.005 டாலர். சர்வர் ஸ்டாப்ல இருந்தாலும் எலாஸ்டிக் ஐபிக்குக் காசு ஓடும், மாசம் சுமார் 3.60 டாலர். ஸ்டாப்ல இருந்தாலும் டிஸ்குக்கும் தனியா காசு ஓடும். ரிவ்யூ முடிஞ்சதும் மறக்காம எலாஸ்டிக் ஐபியை ரிலீஸ் பண்ணிடுங்க.

22ஐ மூடியே வைக்கணும்னா ஏடபிள்யூஎஸ்ஸோட செஷன் மேனேஜர் பாருங்க. அதுக்கான அனுமதியோட ஒரு ஐஏஎம் ரோலை (ஏடபிள்யூஎஸ்ல அனுமதிகளைச் சுமக்கிற அடையாளம்) இன்ஸ்டன்ஸோட சேர்த்தா பிரவுசர்லயே டெர்மினல் வரும்.

கயல்:
ரோல் சேர்த்தேன், கொஞ்ச நேரத்துல டெர்மினல் வந்துடுச்சு! 22 ரூலையே அழிச்சுட்டேன். எலாஸ்டிக் ஐபி வியாழக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கறேன். ரொம்ப நன்றிண்ணா.