மழை முன்கணிப்பு மாடல் 95 விழுக்காடு சரி என்கிறது, ஆனால் ஒரு மழையையும் பிடிக்கவில்லை. உதவி தேவை

பொங்கோல்_சைட்:
வணக்கம். சிங்கப்பூரில், பொங்கோலில் கட்டுமானத் தளம் ஒன்றில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். காங்கிரீட் ஊற்றும்போது மழை கொட்டினால் மேல்தளம் கெட்டுப்போகிறது. அதைவிட, ஈரப் பலகை மேல் நம் ஆட்கள் அவசர அவசரமாக ஓடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்தால் போதும், நிறுத்திவிடலாம்.

அரசின் திறந்த தரவுத் தளத்தில் மழைமானி அளவுகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகின்றன. எங்கள் பக்கத்து நிலையத்தின் அளவுகளை மட்டும் எடுத்து ஒரு எல்எஸ்டிஎம் மாடலை (முந்தைய அளவுகளின் வரிசையைப் பார்த்து அடுத்ததைக் கணிக்கும் நரம்பு வலையமைப்பு) பயிற்றுவித்தேன். சோதனையில் 95 விழுக்காடு சரி. ஆனால் தளத்தில் மழை பெய்யும்போதெல்லாம் அது "மழை இல்லை" என்றே சொல்கிறது. கூகுள் டீப்மைண்டின் உலக வானிலை ஏஐ மாடலான கிராஃப்காஸ்ட் மாதிரி பெரிய மாடலுக்கு மாறிவிடலாமா?

தரவு_அக்கா:
தம்பி, முதலில் அந்த 95-ஐ மறந்துவிடுங்கள். நூறு மணி நேரத்தில் ஐந்து மணி நேரம்தான் மழை என்றால், கண்ணை மூடிக்கொண்டு "இல்லை, இல்லை" என்று சொன்னாலே 95 வந்துவிடும். உங்கள் மாடல் அதைத்தான் கற்றிருக்கிறது. பிடித்த மழை எத்தனை, தவறவிட்டது எத்தனை, வீணாக எச்சரித்தது எத்தனை என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். பிடித்ததை இந்த மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் மழைக்குச் சரியான மதிப்பெண். பயிற்சியில் மழை நேரத் தவறுகளுக்கு எடையைக் கூட்டுங்கள்.

இன்னொன்று, தரவைக் குலுக்கிப் போட்டுப் பிரித்தீர்களா? அப்படியென்றால் 3:00 மணி பயிற்சியிலும் 3:05 சோதனையிலும் இருக்கும், விடை முன்பே கசிந்துவிடும். மாதம் மாதமாகப் பிரியுங்கள். பருவமழை மாறும்போது மழையின் குணமே மாறும் என்பதால் இரண்டு பருவமும் சோதனையில் இருக்கட்டும்.

மேகம்பார்ப்பவர்:
கிராஃப்காஸ்ட் இதற்கு உதவாது சார். அது 2023-இல் வந்த அருமையான மாடல். பத்து நாள் முன்கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தருகிறது. ஆனால் அது உலகைப் பிரித்துப் பார்க்கும் ஒவ்வொரு கட்டமும் 0.25 பாகை, அதாவது சுமார் 28 கிலோமீட்டர். சிங்கப்பூரே கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர்தான்! தீவின் முழு நீளமும் ஏறக்குறைய இரண்டு கட்டம்தான். பொங்கோலுக்கும் பீஷானுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு படிதான் நகரும். நம் மாலை இடிமழையோ பல நேரம் ஒரு மணி நேரத்துக்குள் தோன்றி முடிந்துவிடும். சராசரிப் பிழையைக் குறைக்கப் பழக்கியதால், கனமழையை மெல்லிய மழையாகப் பரப்பிக் காட்டும் பழக்கமும் அதற்கு உண்டு. இங்கே ஒன்றரை கிலோமீட்டர் கட்டத்தில் ஓடும் சிங்வி என்ற, இயற்பியல் விதிகளைக் கொண்டு கணக்கிடும் மாடலை வைத்திருப்பது இப்படிப்பட்ட மழைக்காகத்தான்.

உங்கள் மாடலின் உண்மையான குறை வேறு. ஒரே ஒரு மழைமானியைப் பார்த்துக்கொண்டிருந்தால், மேற்கிலிருந்து வரும் மழை அதற்கு எப்படித் தெரியும்? சுமத்ரா காற்று விடிகாலையில் மேற்கிலிருந்து வரிசையாக நகர்ந்து வரும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால், தீவின் மேற்கு முனையான துவாஸைத் தொட்டு முக்கால் மணி நேரத்தில் உங்கள் தளத்தில் இருக்கும். துவாஸ், ஜூரோங், சுவா சூ காங் நிலையங்களையும் உள்ளீடாகக் கொடுங்கள்.

பொங்கோல்_சைட்:
அக்கா, சார், இருவருக்கும் நன்றி. குலுக்கித்தான் பிரித்திருந்தேன். மாதவாரியாக மாற்றி, மேற்கு நிலையங்களையும் சேர்த்தேன். காலை மழையில் பாதிக்கு மேல் இப்போது பிடிபடுகிறது! பிற்பகல் இடிமழைதான் இன்னும் நழுவுகிறது.

மேகம்பார்ப்பவர்:
அது நழுவத்தான் செய்யும். பிற்பகல் மழை எங்கிருந்தும் வருவதில்லை. வெயிலில் தரை சூடேறி, கடற்காற்றுகள் மோதும் இடத்தில், தலைக்கு மேலேயே உருவாகிறது. மழைமானி நனையும்போது காலம் கடந்திருக்கும். வானிலை ஆய்வு மையத்தின் மழை ரேடார் படத்தைச் சேருங்கள். மேகத்தில் நீர் திரளும்போதே அது காட்டும். அப்போதும் ஒரு மணி நேரம் கிடைக்காது, அரை மணி நேரத்துக்குத் திட்டமிடுங்கள்.

கிரேன்_முருகன்:
நான் லிஃப்டிங் சூப்பர்வைசர். ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் அண்ணா. மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் மாடல் என்ன சொன்னாலும் கிரேனை நிறுத்தி ஆட்களைக் கீழே இறக்குங்கள். மேலே நிற்பவனுக்கு ஊரில் குடும்பம் இருக்கிறது. மாடலைக் காங்கிரீட் லாரி ஆர்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கோல்_சைட்:
கண்டிப்பாக முருகன். மின்னல் விஷயத்தில் மாடலுக்கு இடமே இல்லை, அதைத் திட்டக் குறிப்பிலேயே எழுதிவிடுகிறேன். அக்கா, எத்தனை விழுக்காடு வாய்ப்பு வந்தால் லாரியை நிறுத்தச் சொல்வது?

தரவு_அக்கா:
அதைக் கணினி சொல்லாது தம்பி. ஒரு லாரியை வீணாக நிறுத்தினால் என்ன செலவு, நனைந்த தளத்தை உடைத்துத் திரும்பப் போட என்ன செலவு, இரண்டையும் எழுதுங்கள். இரண்டாவது பத்து மடங்கு என்றால் 10 விழுக்காட்டிலேயே நிறுத்தலாம். கணக்கை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.